கூடாரம் காயவைத்த ஐப்பசி

எங்களுக்குக் கல்யாணமாகி வந்த முதல் ஐப்பசி அது. ஐம்பதுகளின் கடைசி. ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரைக்குப் போகும் ஒரு சந்தில், ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். இருந்தோம் என்று சொல்வது பழக்கத்தில் வருகிறது. இருந்தவள் நான்தான். அவர் அரசாங்கத்தில் ஆற்றை அளக்கும் பிரிவில் ஓவர்சியர். முசிறிக்குப் பக்கத்தில் காவிரிக்கரையில் கூடாரம் அடித்துத் தங்கியிருந்தார். எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவார். அழுக்குச் சட்டைகளைப் போட்டுவிட்டுச் சாப்பிட்டுத் தூங்குவார். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய்விடுவார்.

எனக்குப் பெற்றவர்கள் இல்லை. ஒரே அண்ணன் வடக்கே ரயில்வேயில் இருந்தான். தலை தீபாவளிக்கு எங்களை அழைக்க வேண்டியவன் அவன்தான். அவ்வளவு தூரம் வரவழைத்துச் செய்ய அவனுக்கு வசதி போதவில்லை. அதற்கு நான் வருத்தப்படவில்லை. தீபாவளிக்கு லீவு போட்டு வருவதாக அவர் சொல்லியிருந்தார். தொடர்ந்தாற்போல் நாலைந்து நாள் அவர் வீட்டில் இருக்கப்போவது அதுதான் முதல் தடவை. அதிரசத்துக்கு மாவு இடித்து வைத்துவிட்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் வந்து நின்றது ஒரு மாட்டு வண்டி. பின்னால் நடந்து வந்த ஆளை எனக்குத் தெரியும். அவரிடம் சங்கிலி பிடித்து அளக்கும் கலாசி, ஜீயபுரத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஐயா பெரியாஸ்பத்திரியில இருக்காருங்கம்மா. பயப்படாதீங்க. பேசுறாருங்க."

மேற்கே பலத்த மழையாம். விடியற்காலையில் ஆறு சட்டென்று ஏறி, கரையோரம் இருந்த கூடாரத்துக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. ஆட்களை மேட்டுக்கு அனுப்பிவிட்டு இவர் மட்டும் மார்பளவு தண்ணீரில் நின்று, அளவுக் கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்திருக்கிறார். மறுநாளே குளிர் காய்ச்சல். நெஞ்சில் சளி கட்டி மூச்சு திணறியதும், மண்ணச்சநல்லூர் மில்லுக்கு நெல் ஏற்றிப் போன லாரியில் அவரையும் நனைந்த கூடாரத்தையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. கூடாரத்தை ஆபீஸ் ஸ்டோரில் ஒப்படைக்கலாமென்றால், ஸ்டோர்க்காரர் பண்டிகைக்கு முன்னாலேயே லீவு போட்டுப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்.

"தெருவுல போட்டுட்டுப் போக முடியாதுங்க. அதான் இங்க கொண்டாந்தேன்" என்றார்.

அதை எங்கே இறக்கினார்கள் என்றுகூட நான் பார்க்கவில்லை. அப்படியே பஸ் ஏறினேன்.

வார்டில் கடைசிக் கட்டிலில் கிடந்தார். கன்னம் ஒட்டி, வேறு யாரோ போல இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் கை வைத்தேன். நெருப்பாய்ச் சுட்டது. வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார்.

"டென்ட் எங்க?"

"வீட்ல இருக்கு."

"சுருட்டியே வெச்சிடாத. மக்கிப் போயிரும். பிரிச்சுக் காயப் போடு."

மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார். நான் எப்படி வந்தேன், சாப்பிட்டேனா, ஒன்றும் கேட்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் கூட்டம் நெரிந்தது. எல்லார் மடியிலும் ஜவுளிப் பொட்டலம். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்ரீரங்கம் வரும்வரை அழுதேன்.

வீட்டுக்கு வந்தால் முற்றம் முழுவதும் சேற்றுத் தண்ணீர். நடுவில், செத்த எருமை கிடப்பதுபோல் அந்தக் கூடாரம். நானும் கலாசியும் சேர்ந்து ஒரு மடிப்பைப் பிரித்தோம். பாசி நாற்றம் குப்பென்று வந்தது. அடுத்த மடிப்புக்குள் விரல் நீளத்தில் ஒரு கெண்டைக் குஞ்சு செத்து ஒட்டிக்கொண்டிருந்தது.

முன்கட்டிலிருந்து வீட்டுக்கார மாமி எட்டிப் பார்த்தது அந்த நேரத்தில்தான். அவர்கள் வீட்டு மாமா கோவிலில் கைங்கரியம் செய்பவர். மாமி புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டார்.

"பெருமாளுக்குத் தளிகை பண்ற ஆம் இது. இதெல்லாம் இங்க வரப்படாதும்மா. தப்பா நினைச்சுக்காதே."

"எங்க கொண்டுபோறது மாமி? அவர் ஆஸ்பத்திரியில இருக்கார்."

மாமி போய்க் கொல்லைக் கதவைத் திறந்துவிட்டார். பிறகு, "கொல்லைக்கு அந்தண்டை எங்க தென்னந்தோப்பு சும்மாத்தானே கிடக்கு. அங்க போட்டுக்கோ" என்றார்.

நனைந்த கான்வாஸ் அவ்வளவு கனக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. வண்டிக்காரரும் சேர்ந்து மூன்று பேராக இழுத்தோம். தோப்புக் கிணற்றில் இறைத்து இறைத்து ஊற்றி, தென்னை நாரால் சேற்றைத் தேய்த்துக் கழுவினோம். வெளிக்கூரையைத் தனியாக இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டிப் போட்டோம். உள்கூரைக்கு மட்டும் கம்பம் நட்டு, முளை அடித்து, கூடாரமாகவே நிறுத்தினார் கலாசி. அப்படி நின்றால்தான் காற்று உள்ளே புகுந்து ஓடுமாம்.

"தையல் பக்கம்தாங்க கடைசியில காயும். கயித்த ரொம்ப இறுக்கிடாதீங்க, மழை பெஞ்சா சுருங்கிக்கும்" என்றார்.

அவரும் பண்டிகைக்கு ஊருக்குப் போக வேண்டியவர். வீட்டில் குழந்தைகள் காத்திருக்கும். போகச் சொன்னேன். தயங்கித் தயங்கிக் கிளம்பியவரிடம் கேட்டேன், "அங்க ஐயா வேலை முடிஞ்சப்புறம் என்ன பண்ணுவாரு?"

"ஒண்ணும் பண்ண மாட்டாருங்க. நாங்க நாலு பேரு சமைச்சுச் சாப்பிட்டுப் பேசிக்கிட்டிருப்போம். ஐயா டென்ட் வாசல்ல ஒக்காந்து ஆத்தப் பாத்துக்கிட்டிருப்பாரு. கூப்பிட்டாக்கூட ரெண்டாந் தடவைதான் திரும்புவாரு."

போயிட்டு வரேங்க என்று அவர் போனார்.

அதன்பிறகு காலையில் தோப்பு, மத்தியானம் ஆஸ்பத்திரி என்று ஆயிற்று. வெயில் வந்தால் கான்வாஸைப் புரட்டிப் போடுவேன். இழுத்து இழுத்து உள்ளங்கை கன்றிப்போயிற்று. காய்ந்தது என்று தொட்டுப் பார்த்தால் தையலில் ஈரம் நிற்கும். அதற்குள் மேற்கே கறுக்கும். பாதி காய்ந்தது மறுபடி நனையும். ஆஸ்பத்திரியில் அவர் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருப்பார். பேச்சுத்துணை என்று அந்த நாட்களில் எனக்கு யாரும் இல்லை. பஸ்ஸில் டிக்கெட் கேட்பதற்குத்தான் வாயைத் திறந்திருப்பேன்.

தீபாவளியன்று விடியுமுன் எழுந்து நானே தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டேன். புதுப் புடவை இருந்தது. கட்டத் தோன்றவில்லை. சந்து முழுக்க வெடிச் சத்தம். வெயில் வரும்போல் இருந்ததால் தோப்புக்குப் போய்விட்டேன். சிறிது நேரத்தில் மாமி கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். கையில் வாழை இலைத் துண்டில் லேகியம், இரண்டு தேன்குழல். ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

"சாப்பிடு. வெறும் வயித்தோட நிக்காதே."

"மாமா வந்துட்டாரா மாமி?"

"நாளும் கிழமையும் வந்தா அவர் ஆத்துக்கு எங்க வரார்? எனக்குக் கல்யாணமாகி வந்த நாளா இப்படித்தான். பெருமாள் கைங்கரியம், குறை சொல்லப்படாது" என்றார். காய்கிற துணியைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

லேகியத்தை வாயில் போடுவதற்குள் சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு ஓட நேரமில்லை. குனிந்து கூடாரத்துக்குள் நுழைந்து, கவிழ்ந்து கிடந்த வாளியின்மேல் உட்கார்ந்தேன்.

அதற்குள் நான் போவது அதுவே முதல் தடவை. உள்துணி மஞ்சள் நிறம். வெளிச்சமும் மஞ்சளாக, கலங்கலாக இருந்தது. மழை தலைக்கு மேலேயே கொட்டுவதுபோல் இரைச்சல். வெடிச் சத்தம் அடங்கிவிட்டது. சந்து, வீடு, கோபுரம் எதுவும் வெளியே இருப்பதாகவே தோன்றவில்லை. கம்பத்தில் ஓர் ஆணி. அவர் சட்டையை மாட்டுகிற ஆணியாக இருக்கும். அதற்குக் கீழே லாந்தர்ப் புகை படிந்த கறுப்பு. எத்தனையோ மாலைப் பொழுதுகள் அவர் இதற்குள் இருந்திருக்கிறார். வீட்டைவிட அவருக்கு இதுதான் பிடிக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். இதில் பிடிப்பதற்கு ஒன்றுமே இல்லை.

"சாப்பிட்டீங்களா?" என்று, அவர் எதிரில் இருப்பதுபோல், சத்தமாகக் கேட்டுப் பார்த்தேன். மழை இரைச்சலில் என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அன்று மத்தியானம் போனபோது காய்ச்சல் இறங்கியிருந்தது. தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"மழையில டென்ட்டுக்குள்ள போய் உக்காந்திருந்தேன்" என்றேன்.

"ஒழுகிச்சா?"

"வெளிக்கூரை இல்லாததால ஓரத்துல கொஞ்சம் சொட்டிச்சு."

தலையாட்டினார். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார், "பகல்ல பரவாயில்ல. சாயங்காலம் ஆனாத்தான் அதுக்குள்ள இருக்க முடியாது."

அவர் தன்னைப் பற்றி என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்துக் கட்டில்காரர் பார்க்கிறார் என்று மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

மழை விட்டு இரண்டு நாள் நல்ல வெயில் அடித்தது. தையல்கூட மொரமொரவென்று காய்ந்தது. ஒரு மூலையில் மட்டும் பூஞ்சணம் கறுப்பாகப் படர்ந்துவிட்டது, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. கலாசி வந்து மடித்துக் கட்டிக் கொண்டுபோய் ஸ்டோரில் ஒப்படைத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வீட்டுக்கு வந்து கார்த்திகை, மார்கழி முழுவதும் இருந்தார். இருமலும் பத்தியச் சாப்பாடுமாகப் போயிற்று. நான் ஆசைப்பட்டதுபோல் பேசிக்கொண்டே இருக்கவில்லை. தை பிறந்ததும் அதே கூடாரத்தோடு முசிறிக்குத் திரும்பிப் போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை இருக்கிறது என்று அவர் வரவில்லை. காலையில் எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக்கொண்டு முசிறி பஸ்ஸில் ஏறினேன். ரோட்டில் இறங்கி வயல்வரப்பில் ஆற்றங்கரைக்கு நடந்து போனேன். கூடார வாசலில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"என்ன, யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்ல. சும்மாதான் வந்தேன்."

உள்ளே போய்க் கட்டிலில் கிடந்த துணிகளை அவசரமாக ஒதுக்கி என்னை உட்காரச் சொன்னார். சாப்பிட்டோம். ஆற்றில் தண்ணீர் குறைந்திருக்கிறது என்றார். நான் ஆமாம் என்றேன். வெயில் தாழ்ந்ததும் ரோடுவரை கூடவே வந்து, பஸ் வரும்வரை பக்கத்தில் நின்றார்.

அவருக்கு ஆபீஸ் வேலைக்கு மாற்றல் கிடைக்க அதன்பிறகும் சில வருஷம் ஆயிற்று. அதுவரை அவர் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய்விட்டு வந்தேன். மற்ற நாட்களில், விளக்கேற்றிய பிறகு, பின்கட்டில் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.