கடைசி ரீல் முதலில்

சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கிறவளுக்கு, படம் எடுத்தவன் தப்புக்கும் போலீஸ்காரன் தப்புக்கும் சேர்த்தே திட்டு விழும். வெள்ளைக்காரன் மலாயாவில் போட்ட அவசரகாலத்தில் கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு பலகைக் கொட்டகையில் பெண்கள் பக்கத்து வாசல் என்னுடையது. வாசலில் நின்று வேலை பார்த்தவர்களே, நீங்களாவது கேளுங்கள்.

சுவர் பார்க்க வந்தோமா?

ஒரு ஞாயிறு போட்டது திருடர் படம். மூன்று பேர் அடகுக்கடைக்குப் பக்கத்து வீட்டை வாடகைக்கு எடுத்து நடுச்சுவரை இடிக்கிறார்கள். இடைவேளை வரை அந்த ஒரே அறைதான். டான்ஸ் இல்லை, சண்டை இல்லை. சுத்தியல் படுவதற்கு முன்பே அட்டைச் சுவர் ஆடியது.

பெண்கள் பக்கம் முணுமுணுப்பு கிளம்பியது. பெண்கள் கூட்டம் குறைந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிடுவேன் என்று முதலாளி பாய் முன்பே சொல்லியிருந்தார். மூடினால் நான் மறுபடி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போகணும். என் முட்டி தாங்காது. இடைவேளையில் தோட்டத்து அஞ்சலை இடுப்பில் பிள்ளையோடு வந்து நின்றாள். "அக்கா, எங்க லயத்து வீட்டுலயும் சுவரு ஓட்டையாத்தான் இருக்கு. அதை டிக்கெட் இல்லாமலே பாக்கலாம் லா!"

லோரி ஹார்ன்

ஆனால் இடைவேளைக்குப் பிறகு ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. சுவரில் ஓட்டை விழுந்தது. ஒருவன் தலையை உள்ளே விட்டான். அப்போது பார்த்து வெளியே, பெண்களை ஏற்றிவந்த தோட்டத்து லோரி ஹார்ன் அடித்தது. இருட்டுவதற்குள் லயத்தைச் சுற்றின முள்வேலிக்கு உள்ளே போகாவிட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள். வெளியே மாட்டினவளைச் சுட்டாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. எல்லாரும் எழுந்து ஓடினார்கள். கடைசி ரீல் பெட்டியிலேயே கிடந்தது.

ஊரடங்கை நானா போட்டேன்? லோரியில் ஏறிக்கொண்டே தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோரின் பெண்டாட்டி என்னைப் பார்த்துக் கத்தினாள்: "தலை உள்ள போச்சு, ஆளு போனானா இல்லையா? அதைக்கூடக் காட்டத் துப்பில்ல, உனக்கெல்லாம் எதுக்குடி ஒரு வாசல்!"

வாழையிலைப் பொட்டலம்

மறு ஞாயிறு முடிவைப் பார்க்க அதே கூட்டம் வந்தது. அதற்கு முன்பே போலீஸ் வந்து நின்றது. கொட்டகைக்குள் அரிசியும் சோறும் கைமாறிக் காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்ட்காரர்களுக்குப் போகிறதாம். ஆம்பளைகள் பெண்களைத் தொடக்கூடாது என்று அவர்களைத் தடவிச் சோதிக்கிற வேலையை என்னிடம் விட்டார்கள். சம்மதமா என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. பாய் தலையாட்டினார், அதோடு சரி.

அஞ்சலையின் இடுப்பில், பிள்ளைக்குக் கீழே, என் கையில் ஒரு சின்னப் பொட்டலம் தட்டுப்பட்டது. ஒன்றுமில்லை என்று நான் சொல்வதற்குள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த போலீஸ்காரன் பிடுங்கிவிட்டான். பிள்ளைக்குப் பிசைந்த சோறு. சாக்கடையில் வீசினான். அந்தப் பயலைத் திட்ட முடியுமா? அஞ்சலையும் திட்டவில்லை. என்னிடம்தான் கேட்டாள்: "இந்த ரெண்டு வாய்ச் சோத்துலயா அக்கா காட்டுல சண்டை நடக்குது?"

வாலிலிருந்து தலைக்கு

தடவி முடிப்பதற்குள் பாதிப் பொழுது போய்விட்டது. இன்றைக்கும் முடிவு வராது என்று தெரிந்ததும் பெண்கள் உள்ளே போக மாட்டோம் என்று வாசலிலேயே நின்றார்கள். பாய் என்னை முறைத்தார். "இன்னையோட உன் பக்கத்தை மூடிடுறேன்" என்றார். அஞ்சலைதான் வழி சொன்னாள்: "கடைசி ரீலை முதல்ல போடுங்க. மாட்டுனானா இல்லையான்னு தெரிஞ்சிட்டா, மிச்சத்தை லோரி வர்ற வரைக்கும் பாத்துட்டுப் போறோம்."

பாயின் பதிலுக்கு நான் நிற்கவில்லை. மாடியேறிப் போய் ஆப்பரேட்டரிடம் சொன்னேன். படம் எடுத்தவன் கேட்டால் அழுவான் என்றான். "அவன் வந்து லோரியை நிறுத்தி வைக்கட்டும், நீ போடு!" என்று கத்தினேன். போட்டான். கூட்டம் உள்ளே ஓடியது. ஒரு நாற்காலி மிச்சமில்லை.

திரையில் மூவரும் நகையைத் தூக்குச்சட்டிக்குள் வைத்து, மேலே சோற்றைக் கொட்டி மூடிக்கொண்டு வந்தார்கள். வழியில் போலீஸ்காரன் மறித்தான். மூடியைத் திறந்தான். சோறுதானே, போங்கள் என்று விட்டுவிட்டான். பெண்கள் பக்கம் முழுதும் வெடித்துச் சிரித்தது. அது சந்தோஷச் சிரிப்பில்லை. வாசலில் நின்ற போலீஸ்காரன் காதில் விழட்டும் என்றே அஞ்சலை எழுந்து கத்தினாள்: "சோத்தைப் பாத்துட்டுப் போகச் சொல்றான் லா! அது எந்த ஊரு போலீசு? எங்களையும் அங்கயே கொண்டுபோய் விடுங்க!"

அவசரகாலம் முடிகிறவரை என் வாசலும் நிலைத்தது, அந்தத் தடவலும் நிலைத்தது, எங்கள் கொட்டகையில் எல்லாப் படமும் முடிந்த பிறகுதான் ஆரம்பித்தது.