வால்வில் வைத்த ஈரம்

விடியலிலிருந்து பிபிலை மலைச்சரிவெல்லாம் சைக்கிள் பிறேக்கைப் பிடித்தே இறங்கியதில் கை மரத்துக் கிடக்கிறது. வரிப்பத்தான்சேனைக்கு வந்ததும் பின்டயரும் காற்றுப்போய்விடுகிறது. நோன்பு மாதத்துப் பின்னேர வெயில். சைக்கிள் திருத்துபவரை ஊரே அண்ணன் முறையில் 'காக்கா' என்கிறது; காக்கா நோன்பாளி. என்னைப் பார்த்ததும் சைக்கிளைத் தொடாமல், முதலில் ஒரு செம்பு தண்ணீரை நீட்டுகிறார். அவர் முன்னால் குடிக்கக் கூச்சமாக இருக்கிறது.

"பயணத்தில வந்த நீங்க. குடிங்க தம்பி."

ஒரே மூச்சில் செம்பு காலி.

முள்ளைப் பிடுங்கி, ஒட்டுப்போட்டு, காற்றடிக்கிறார். வால்வு கசிகிறதா என்று பார்க்க விரலால் நாக்கைத் தொடுகிறார். விரல் காய்ந்தபடியே வருகிறது. சிரித்துவிடுகிறார்.

"என்ட வாயில ஈரமில்ல. உங்கட எச்சிலத் தொட்டு வைங்க."

வைக்கிறேன். குமிழி வரவில்லை. அவர் குடிக்காத தண்ணீர்தான் வால்வின்மேல் மினுங்குகிறது.