இடப்பக்க ஸ்டியரிங்

துபாயிலிருக்கும் என் கணவர், அங்கே ஓட்டும் பத்து வருடப் பழைய ஸ்போர்ட்ஸ் காரைத் தஞ்சாவூருக்குக் கொண்டுவர ஆசைப்பட்டார். "கார் கப்பல்ல ஏறுனா நானும் கூடவே வந்துருவேன்" என்றார். அந்தப் பேச்சை நம்பி, இறக்குமதி ஏஜென்ட் என் பெயரில் தயாரித்துத் தந்த தாள்களைப் படிக்காமலே கையெழுத்திட உட்கார்ந்தேன்.

அவர் காரோட்டும் படத்தைப் பார்த்த மகள், "அத்தா ஏன்மா அந்தப் பக்கம் உக்காந்து ஓட்டுறாங்க?" என்றாள். எனக்கும் சந்தேகம் வந்து, தாள்களோடு ஆர்.டி.ஓ. அலுவலகம் போனேன்.

"இடப்பக்க ஸ்டியரிங், மூணு வருஷத்துக்கு மேல பழசு. இங்க பதிய முடியாதும்மா. இதுல புதுசுன்னு பொய்யா எழுதியிருக்காங்க. நீங்க கையெழுத்து போட்டா கேஸ் உங்க மேலதான்" என்றார் அங்கிருந்தவர்.

அன்று போனில், "காரை அங்கேயே வித்துருங்க. நீங்க மட்டும் வாங்க" என்றேன். வேலை இருக்கிறதென்று போனை வைத்துவிட்டார்.

இப்போதும் அவர் துபாயில்தான். எந்தத் தாளையும் அவருக்குப் போனில் ஒரு வரி விடாமல் வாசித்த பிறகே கையெழுத்திடுகிறேன். அப்படி வாசிக்கும் நாளிலாவது எங்கள் பேச்சு கொஞ்சம் நீள்கிறது.