கோடி போடப் போன கை

அக்காவின் கணவர் இறந்துவிட்டார் என்று காலையில் போன் வந்தது. திருச்சுழிக்கு அப்பால் ஒரு கிராமம். எங்கள் பக்கத்தில், கணவனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை போகவேண்டும். உடன்பிறந்தவன் அதை அவள் தோளில் போர்த்திய பிறகுதான் பிணத்தைத் தூக்குவார்கள். அக்காவுக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான்.

அருப்புக்கோட்டையில் சேலை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். முகூர்த்த நாள். நிற்கவும் இடமில்லை. டவுனைத் தாண்டிச் சீமைக்கருவேலம் தொடங்கிய இடத்தில் அது வந்தது. நெஞ்சு அடிப்பது காதுக்குள் கேட்டது. உடம்பு வியர்த்துக் குளிர்ந்தது. இதோ சாகப்போகிறேன் என்பது சந்தேகமில்லாமல் தெரிந்தது.

இரண்டு ஆண்டுகளாக எனக்கு இது வருகிறது. முதல் தடவை மாரடைப்பு என்று நினைத்து மதுரைக்குக் கொண்டுபோனார்கள். இதயத்தில் கோளாறில்லை. மூளையின் அடிப்பகுதியில் பாதாம்பருப்பு அளவில் ஒரு பகுதி இருக்கிறது, ஆபத்தைக் கண்டால் உடம்பை எழுப்பிவிடுவது அதன் வேலை, உங்களுக்கு அது ஆபத்தே இல்லாதபோதும் எழுப்பிவிடுகிறது என்றார் டாக்டர். உடனே அட்ரினலின் ரத்தத்தில் இறங்கும். ஓடுவதற்காக இதயமும் மூச்சும் வேகமெடுக்கும். ஓடாமல் நின்றபடி வேகமாக மூச்சுவிட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். உதடு மரத்து, விரல்கள் கூம்பிக்கொள்ளும். இவ்வளவும் எனக்கு மனப்பாடம். பஸ்ஸுக்குள் அதில் ஒன்றும் உதவவில்லை.

பஸ்ஸைவிட்டு இறங்கி, சாவு விழுந்த துஷ்டி வீட்டு வாசலை அடையும்போது வலது கை முழுதாக மடங்கிவிட்டது. மணிக்கட்டு உள்ளே வளைந்து, ஐந்து விரலும் ஒன்றாகக் குவிந்து நின்றன. சேலையைப் பையிலிருந்து எடுக்க முடியவில்லை. பிணத்தைக் குளிப்பாட்டி, மாலை போட்டுத் தயாராக வைத்திருந்தார்கள். நான் தள்ளாடி அக்காவிடம் போனதை அவள் கொழுந்தன் பார்த்துவிட்டான்.

“ஏன் மச்சான், துஷ்டி வீட்டுக்கும் போட்டுட்டுத்தான் வரணுமாக்கும்?”

“வாய ஊதச் சொல்லுங்கப்பா” என்றார் பந்தலில் ஒருவர். இரண்டு பேர் சிரிப்பை அடக்கினார்கள்.

நான் வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தேன். அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். கட்டிப்பிடித்து அழுவதுபோல என்னைக் கீழே இழுத்து உட்காரவைத்தாள். ஒப்பாரிச் சத்தத்தில் அவள் பேச்சு எனக்கு மட்டுமே கேட்டது.

“ஏலே தம்பி, வாய மூடு. மூக்கு வழியா விடு. மெதுவா. செத்துற மாட்டே.”

என் விரல்களை ஒவ்வொன்றாக நீவினாள். “ஒனக்கு எப்படிக்கா தெரியும்?”

“எனக்கும் வரும்லே. கல்யாணமான வருசத்துலருந்து. பேய் புடிச்சவன்னு ஒதுக்கிருவாகன்னு யார்கிட்டயும் சொல்லல. இந்தா படுத்திருக்காகளே, அவுகளுக்கு மட்டுந்தான் தெரியும். வந்தா, விடுற வரைக்கும் முதுகத் தடவிக்கிட்டே இருப்பாக.”

இது ஒரே குடும்பத்தில் பலருக்கு வரலாம் என்று நான் படித்திருக்கிறேன். அக்காவுக்கும் வருமா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

“இதுக்கு மாத்திரை இருக்குக்கா. மதுரைக்குப் போவோம்.”

“பதினாறாம் நாள் காரியம் கழியாம நான் எங்கலே வாசப்படி தாண்டுறது? இன்னைக்கு வந்தா என்ன செய்வேன்?”

விரல்கள் பிரிந்தன. சேலையை உதறி அவள் தோளில் போர்த்தினேன். கொழுந்தன், “தூக்குங்கப்பா” என்றான்.

பாடை எழுந்ததும் பெண்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டு வாசல்வரை ஓடினார்கள். அக்கா எழவில்லை. வாயைத் திறந்து மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். கோடிச் சேலையின் ஓரத்தில் அவள் விரல்கள் கூம்பத் தொடங்கின. துக்கம் தாங்காமல் மயங்கப்போகிறாள் என்று யாரோ தண்ணீருக்கு ஓடினார்கள்.

“மச்சான், சுடுகாட்டுக்கு வரணும்ல? அங்க பொம்பளைக நடுவுல என்ன வேல?” என்று தெருவிலிருந்து கொழுந்தன் கத்தினான்.

நான் போகவில்லை. அக்காவுக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவினேன்.