வெயிலில் தலையை உதறும் எங்கள் ராணி

இன்று காலை கடலூர் கடற்கரையில் இருந்தவர்கள்: நான், சவாரிக்குக் குதிரை விடும் என் கணவர், எனக்கு அண்ணியான அவருடைய அக்கா, எங்கள் குதிரை ராணி.

எட்டு நாளாக ராணி அடிக்கடி தலையை உதறுகிறாள். முதுகில் ஆளை ஏற்ற முடியவில்லை.

"சாமி வந்திருக்குடி, மஞ்சத்தண்ணி ஊத்து" என்றார் அண்ணி.

"சாமியோ பூதமோ, ஞாயித்துக்கெழம வித்துடப் போறேன்" என்றார் இவர்.

தினமும் பார்த்து எழுதிய நோட்டை நீட்டினேன். வெயிலில் மட்டும்தான் உதறல்.

"நானும் தெனம் வெளக்கேத்துறவதான் அண்ணி. சாமி நெழல்ல வராதா?"

பழைய கொசுவலையை வெட்டி, வெயில் உறைக்காதபடி ராணியின் மூக்கை மூடிக் கட்டினேன். உதறல் பாதியாகக் குறைந்தது. இனி இவளை விற்க விடமாட்டேன்.

அண்ணி இன்னும் மஞ்சள் தண்ணீர்க் குடத்தைக் கீழே வைக்கவில்லை. கடலூரிலோ சிதம்பரத்திலோ குதிரை பார்க்கும் டாக்டரைத் தெரிந்தவர்கள் ஞாயிறுக்குள் சொல்லுங்கள்.