அந்தோணியார் பெட்டியில் விழுந்த சீட்டு

அந்தச் சீட்டைப் பற்றி நான் இன்றுவரை பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டேன். அது பாவமென்று எனக்குத் தோன்றினால்தானே!

எழுபதுகளின் கடைசி. எனக்குப் பதினெட்டு வயது. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த ஒருவருக்கு என்னைக் கட்டிவைக்க அப்பா முடிவு செய்திருந்தார். மனைவியை இழந்தவர், நாற்பதைத் தாண்டியவர். காரைக்காலில் பிரான்சு மாப்பிள்ளை என்றால் வயதையும் வழுக்கையையும் யார் பார்த்தார்கள்? எனக்கோ ஆசிரியர் பயிற்சியில் சேர வேண்டும். அதைச் சொல்ல வாயைத் திறந்தாலே, "பொட்டப்புள்ளைக்கு என்ன வாயி?" என்பார் அப்பா.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. செவ்வாய்க்கிழமை கோயிலில் அந்தோணியார் பெட்டியில் போடும் வேண்டுதல் சீட்டை எப்போதும் நான்தான் எழுதிக் கொடுப்பேன்.

"எம் மவ கல்யாணம் தடையில்லாம நடக்கணும்னு எழுதுடி" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதற்கும் நானே மனு எழுத வேண்டுமாம்! 'இந்தக் கல்யாணம் நின்றுபோக வேண்டும். நான் டீச்சர் ஆக வேண்டும்' என்று எழுதி மடித்துக் கொடுத்தேன். அப்பாவிடம் எனக்காகப் பேச ஒருவரும் இல்லை. அந்தோணியாராவது ஆண்டவரிடம் பேசட்டும். அம்மா சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பெட்டியில் போட்டாள்.

பூசை முடிந்ததும் உபதேசியார் நாலைந்து சீட்டுகளை எடுத்து வாசிப்பது வழக்கம். எங்கள் சீட்டு அதுவரை ஒருமுறைகூட அவர் கையில் அகப்பட்டதில்லை. அன்று அகப்பட்டது. நான் எழுதியதை ஓர் எழுத்துக்கூட விடாமல் வாசித்தார்.

"புனித அந்தோணியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றது கோயில் முழுவதும். எல்லாரையும்விட உரக்கச் சொன்னது என் அம்மா. சொல்லி முடித்துத் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

வெளியே வந்ததும், "அது நம்ம சீட்டா?" என்று கேட்டாள்.

"ஆமா. நீயுந்தான் வேண்டிக்கிட்ட."

பளாரென்று ஓர் அறை விட்டாள். வாங்கிக்கொண்டேன், மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பாவிடம் போனாள். "மாப்புள வூட்டுக்கு வேணாம்னு சொல்லி அனுப்பிடுங்க."

"எவ சொன்னா?" என்று அப்பா கத்தினார்.

"கோயிலே சேந்து கேட்டுடுச்சுங்க. நானும் கேட்டுட்டேன். திரும்பப் போயி மாத்திக் கேக்க எனக்கு வாய் வராது."

அப்பா ஒரு வாரம் எங்கள் இருவரிடமும் பேசவில்லை. ஆனால் சொல்லி அனுப்பிவிட்டார்.

அடுத்த செவ்வாய் அம்மா மறுபடியும் தாளும் பேனாவுமாக வந்து நின்றாள். "எம் மவளுக்கு டிரெயினிங்ல எடம் கெடைக்கணும்னு எழுது."

எழுதிக் கொடுத்தேன். அதை நேரே எதிர்வீட்டுப் பெண்ணிடம் கொண்டுபோய், இரண்டு தரம் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கோயிலுக்குக் கிளம்பினாள்.