ஏழாம் எண் நுரையீரல்

பெங்களூரில் நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழக ஆய்வு நிலையத்தில் கணிதம் படித்தவர், இயற்பியல் படித்தவர், மருத்துவம் படித்தவர் எல்லோரும் ஒரே கணினியோடு மல்லுக்கட்டுகிறோம். டீ குடிக்கும்போதுகூட ஒருவர் பேசுவது இன்னொருவருக்கு முழுதாகப் புரியாது. எங்கள் குழுவின் வேலை, நோயுற்ற நுரையீரலுக்குள் காற்று எப்படிப் போகிறது என்று கணக்கிடுவது. எவ்வளவு ஆக்சிஜன் கொடுக்கலாம் என்று டாக்டர்கள் முடிவெடுக்க அது உதவ வேண்டும்.

ஸ்கேன் கொடுத்தவர்களின் பெயர் கணினியில் இருக்காது, எண் மட்டும்தான். நிரலில் ஒரு வரி மாற்றினாலும் முதலில் ஏழாம் எண்ணில் ஓட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். இருப்பதிலேயே மோசமான நுரையீரல் அது. ஏழாம் எண் திரையில் மூச்சு விட்டால்தான் மற்றவர்களிடம் போவோம்.

ஏழு என் அப்பா. குழுவில் யாருக்கும் இது தெரியாது. தங்கவயல் சுரங்கத்தின் தூசி அவர் நெஞ்சில் தழும்பாக இறுகிவிட்டது. ஸ்கேனுக்குச் சம்மதம் கேட்டபோது, "எடுத்துக்கம்மா. உள்ள தங்கம் கெடச்சா எனக்கும் பங்கு குடு" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார். போன வருடம் தவறிவிட்டார். அதன் பிறகும் திரையில் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தார். எனக்கு அது ஆறுதலாகவும் இருந்தது, தாங்க முடியாமலும் இருந்தது.

போன மாதம், குழுவில் புதிதாகச் சேர்ந்த ஓசூர்ப் பெண் என்னைக் கூப்பிட்டாள். "மேடம், ஏழுல ரன் அடிக்கடி நின்னுடுது இல்ல? ஸ்கேன்ல ஒரே நாய்ஸ், வெறும் புள்ளியும் கீறலுமா. எல்லாத்தையும் க்ளீன் பண்ணிட்டேன். இப்ப பாருங்க."

எங்களைப் போன்றவர்கள் செய்கிற தப்பு இது. கணக்கு திணறினால் ஸ்கேனைக் குறை சொல்வோம்.

பார்த்தேன். நீல நிறக் காற்று எங்கும் தட்டாமல் அடிவரை இறங்கி, மெல்லத் திரும்பி வந்தது. எனக்கு நினைவு தெரிந்து அப்பா இப்படி ஒரு மூச்சு விட்டதே இல்லை.

"இன்னொரு வாட்டி போடும்மா" என்றேன்.

அப்படியே விட்டுவிடலாமே என்று மனசு கெஞ்சியது. விட்டால், அவரைப் போல இருமிக்கொண்டிருக்கும் யாருக்கோ நாங்கள் சொல்லும் ஆக்சிஜன் அளவு தப்பாகிவிடும்.

"அது நாய்ஸ் இல்லம்மா. தழும்பு. திரும்ப வெச்சிடு."

"வெச்சா பழையபடி நின்னு நின்னுதான் போகும், மேடம்."

"அப்படித்தான் மூச்சு விடுவாரு" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பழைய ஸ்கேனைத் திரும்பப் போட்டாள். அப்பா பாதி மூச்சில் நின்றார். பிறகு மிச்சத்தை இழுத்தார்.